சோதனைக் குழாய் முறையில் பிறந்த குழந்தைகளின் சுரப்பி நலம்

1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் என்னும் பெண் குழந்தை பிறந்தது. தாயின் உடலுக்குப் புறத்தே கருவுற்று, பின்னர்த் தாயின் கருப்பையில் வளர்ந்து பிறந்த முதற் குழந்தை அதுவேயாகும். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியால், துர்கா என்று அழைக்கப்பட்ட மற்றொரு பெண் குழந்தை பிறந்தது. 1986 ஆகஸ்டு 6-ஆம் நாள் பம்பாய் கே. இ. எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தாரும் இணைந்து இம்முறையை நம் நாட்டில் நிலைநாட்டினர். அன்று முதல் இன்றுவரை உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இம்முறையினால் பிறந்துள்ளனர். அவர்களுள் மூத்தவர்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். அவர்களிற் சிலர் தாமே தாய் தந்தையராகவும் ஆகியுள்ளனர்.

இக்குழந்தைகள் பிறந்தபொழுது நலமாக இருந்தனர் என்பது மட்டும் போதுமா? அவர்களுடைய வளர்ச்சி, பூப்பு, சர்க்கரையின் அளவு, பிற்காலத்தில் மகப்பேற்றுத் திறன் ஆகியவற்றை ஆளுகின்ற சுரப்பிகள் பிறரைப் போலவே இயங்குகின்றனவா? இக்கேள்வி ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டும் உரியதன்று. சிகிச்சை பெற்ற குடும்பங்கள் இன்று சிற்றூர்களிலும் உள்ளன. எடை பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளரையும், வகுப்பில் உயரம் அளக்கும் ஆசிரியரையும் பெற்றோர் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். இதுவரை அறியப்பட்டவற்றை அவர்கள் பொருட்டு இக்கட்டுரை தொகுத்துரைக்கின்றது.

சிகிச்சை முறை

இயற்கையில் ஒரு மாதத்தில் பெரும்பாலும் ஒரு சினைமுட்டையே முதிர்கின்றது. சிகிச்சையின்போது ஊசி மூலம் ஹார்மோன்களைச் செலுத்திப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்கின்றனர். அம்முட்டைகளை மெல்லிய ஊசியால் எடுத்து, கண்ணாடித் தட்டில் விந்தணுக்களுடன் சேர்க்கின்றனர். 'சோதனைக் குழாய்' என்னும் பெயர் வழக்கில் நிலைத்துவிட்ட போதிலும், கருவுறுதல் நடைபெறுவது தட்டையான சிறு தட்டிலேயாகும். விந்தணுக்கள் மிகக் குறைவாகவோ வலுவற்றோ இருப்பின், ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரே செலுத்துவதும் உண்டு. இது 'இக்ஸி' முறை எனப்படும். 1992-ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டுத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் தோன்றியது. கரு மூன்று முதல் ஐந்து நாட்கள் ஊட்டத் திரவத்தில் வளர்ந்தபின் கருப்பையினுள் வைக்கப்படும். அல்லது உறைய வைக்கப்பட்டுப் பின்னொரு மாதத்தில் பயன்படுத்தப்படும்.

ஐயம் எழுந்த காரணம்

நாளமில்லாச் சுரப்பிகள் தாம் சுரக்கும் ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டு, சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல், வயிற்றிலுள்ள கணையம், சினைப்பைகள், விரைகள் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. இவை உருப்பெறுவது தாயின் வயிற்றிலேயாகும். எந்த அளவில் எவ்வளவு சுரக்க வேண்டும் என்னும் ஒழுங்கும் ஓரளவு அங்கேயே அமைந்துவிடுகின்றது.

நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்றே இதற்குச் சான்று. புனே நகரில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் எட்டு வயதுச் சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிறக்கும்போது எடை குறைந்திருந்து, பின்னர் விரைவாகப் பருமனடைந்த குழந்தைகளிடமே இன்சுலின் சரிவரச் செயற்படாத நிலை மிகுதியாகக் காணப்பட்டது. பிறப்பெடைக்கும் பிற்கால நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு என்பதை இவ்வாராய்ச்சி வலியுறுத்திற்று.

வேறொரு நிகழ்ச்சி அமெரிக்காவைச் சேர்ந்தது. கருச்சிதைவைத் தடுக்கும் பொருட்டு டையெத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோன் 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. குழந்தைகள் நலமாகப் பிறந்தமையால் யாரும் ஐயுறவில்லை. ஆனால் 1971-இல், அம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் வளர்ந்த புதல்வியர் சிலரிடம் மிக அரிய புற்றுநோய் தோன்றியதைப் பாஸ்டன் நகர மருத்துவர்கள் கண்டறிந்தனர். இன்றைய கருத்தரிப்புச் சிகிச்சையில் அம்மருந்து பயன்படுவதில்லை. எனினும் பிறந்த நாளின் நலம் இருபதாம் வயதின் நலத்திற்கு உறுதியாகாது என்னும் பாடத்தை மருத்துவ உலகம் அதனின்று கற்றது.

சோதனைக் குழாய் முறையைப் பொறுத்தவரை மூன்று ஐயங்கள் எழுந்தன. முதலாவது, சிகிச்சையின்போது தாயின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இயற்கை அளவினும் பன்மடங்கு உயர்கின்றது. கரு பதியும் வேளையில் இது நஞ்சுக்கொடியின் அமைப்பைப் பாதிக்கலாம். இரண்டாவது, மரபணுக்களுள் சில தாய்வழி வந்தது மட்டும், அல்லது தந்தைவழி வந்தது மட்டும் செயற்படுமாறு இரசாயன முத்திரை பெற்றுள்ளன. கரு தட்டில் வளரும் அச்சில நாட்களில் இம்முத்திரைகள் பிசகக்கூடும். மூன்றாவது, பெற்றோரின் மகப்பேற்றுக் குறைக்குக் காரணமான மரபுக் கூறு பிள்ளைக்கும் செல்லக்கூடும். இம்மூன்றாவது சிகிச்சையின் விளைவன்று, குடும்பத்தின் உடைமையாகும்.

யாருடன் ஒப்பிடுவது?

ஆராய்ச்சியின் முடிவுகளைப் படிக்குமுன் இவ்வினாவிற்கு விடை காண வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு வீட்டில் இச்சிகிச்சையால் இரட்டைப் பெண் குழந்தைகள் 34-ஆம் வாரத்தில் பிறந்தன. ஒவ்வொன்றும் 1,800 கிராம் எடை. அடுத்த வீட்டில் இயற்கையாகக் கருத்தரித்த தனிக் குழந்தை நிறைமாதத்தில் 2,900 கிராம் எடையுடன் பிறந்தது. இரட்டையர் முதலாண்டில் உயரத்தில் பின்தங்கினால் அதற்குக் காரணம் கண்ணாடித் தட்டா, இரட்டைக் கர்ப்பமா, குறைமாதப் பிறப்பா? இயற்கையாகப் பிறக்கும் இரட்டையரும் இவ்வாறே பின்தங்குவதுண்டு.

முற்காலத்தில் வெற்றி வாய்ப்பைப் பெருக்க வேண்டிப் பல கருக்களை ஒருங்கே வைத்தமையால் இரட்டையரும் மூவரும் மிகுதியாகப் பிறந்தனர். அந்நாளைய கவலைகளிற் பெரும்பகுதி இதனால் விளைந்ததே. ஆகவே இன்றைய ஆராய்ச்சியாளர் தனிக் குழந்தையைத் தனிக் குழந்தையுடனேயே ஒப்பிடுகின்றனர். இயலுமாயின், நீண்ட காலம் மகப்பேறின்றி இருந்து பின்னர்ச் சிகிச்சையின்றிக் கருத்தரித்த பெற்றோரின் பிள்ளைகளுடன் ஒப்பிடுகின்றனர். அப்பொழுதுதான் சிகிச்சையின் விளைவையும் பெற்றோரின் உடல்நிலையின் விளைவையும் பிரித்தறிய முடியும்.

கண்டறியப்பட்டவை

வளர்ச்சி: உறைய வைக்காத கருவினின்று பிறக்கும் தனிக் குழந்தைகள் சராசரியில் சற்று எடை குறைந்தும், உறைய வைத்த கருவினின்று பிறப்போர் சற்று எடை மிகுந்தும் காணப்படுகின்றனர். 2022-இல் வெளியான ஒரு பேராய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 26 தொடர் ஆய்வுகளினின்று ஏறத்தாழ 1,58,000 பேரின் அளவுகள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. சிகிச்சையால் பிறந்தோர் மழலைப் பருவத்தில் சிறிதளவு குறைந்த உயரமும் எடையும் உடையோராயிருந்தனர். வயது ஏற ஏற இவ்வேறுபாடு குறைந்து, பதினேழு வயதிற்குப் பின் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும்: 2008-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர், 8 முதல் 18 வயதுவரையுள்ள 225 தனிப் பிறப்பினரை, மகப்பேற்றுக் குறையுடைய பெற்றோருக்கு இயற்கையாகப் பிறந்த 225 பேருடன் ஒப்பிட்டனர். மேல் இரத்த அழுத்தம் முறையே சராசரி 109, 105 என்றிருந்தது. பருவமடைந்து வந்தோரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 90, 86 மில்லிகிராம் என்றிருந்தது. வேறுபாடு உண்மை, ஆயினும் இவ்வளவுகள் யாவும் இயல்பான எல்லைக்குள் அடங்கியவை. 2023-இல் ஏறத்தாழ 36,000 பேரைக் கொண்ட கூட்டாய்வு வெளியாயிற்று. அவர்களுள் 654 பேர் சிகிச்சையால் பிறந்தோர். இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றில் பெரிய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. இளமைப் பருவத்தில் இரத்த அழுத்தம் சற்றே உயரக்கூடும் என்னும் குறிப்பு மட்டும் தென்பட்டது. நடு வயதில் இஃது எவ்வாறு அமையும் என்பதைக் காலமே காட்ட வேண்டும்.

தைராய்டு: கிரேக்க நாட்டில் 4 முதல் 14 வயதுவரையுள்ள 106 பேரிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. அவர்களுள் எழுவரிடம், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன் உயர்ந்திருந்தது. தைராய்டுச் சுரப்பு குறைவுபடவில்லை. ஒப்பிடப்பட்ட பிள்ளைகள் எவரிடமும் இந்நிலை காணப்படவில்லை. சிறிய எண்ணிக்கையைக் கொண்டு பொது விதி வகுத்தல் ஆகாது; எனினும் இது கவனத்திற்குரியதாகும்.

பூப்பு: நெதர்லாந்து ஆய்வின்படி ஆண், பெண் இருபாலாரும் ஏனையோரைப் போலவே உரிய காலத்தில் பருவமடைந்தனர். சிறுமியரிடம் மட்டும் எலும்பின் முதிர்ச்சி வயதைவிடச் சற்று முந்தியும், பிட்யூட்டரி, அட்ரினல் ஹார்மோன்களுள் சில சற்று உயர்ந்தும் இருந்தன.

மகப்பேற்றுத் திறன்: பிரஸ்ஸல்ஸில் இக்ஸி முறையால் பிறந்த 54 இளைஞரும், இயற்கையாகப் பிறந்த 57 இளைஞரும் 18 முதல் 22 வயதிற்குள் ஆராயப்பட்டனர். 2016-இல் வெளியான முடிவின்படி, ஒரு மில்லிலிட்டரில் விந்தணுக்களின் எண்ணிக்கையில் நடு அளவு முன்னவரிடம் 1 கோடியே 77 இலட்சம். பின்னவரிடம் 3 கோடியே 70 இலட்சம். ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவ்விளைஞருடைய தந்தையரிற் பெரும்பாலோர் விந்தணுக் குறை காரணமாகவே இச்சிகிச்சையை நாடியவர்கள் என்பதை மறத்தல் ஆகாது. தந்தையின் குரோமசோமில் உள்ள சில குறைகள் மகனுக்கு அவ்வாறே செல்லும் என்பதும் அறியப்பட்ட உண்மை. இம்முறையால் பிறந்த இளம் பெண்களின் சினைப்பை ஹார்மோன்கள் பிற பெண்களுடையவற்றை ஒத்தே இருந்தன.

அரிய நோய்கள்: மரபணு முத்திரை பிசகுவதால் தோன்றும் பெக்வித்-வீடமன் நோய், பொதுவாக 10,000 முதல் 14,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுவது. சிகிச்சையால் பிறந்தோரிடம் இது சில மடங்கு மிகுதி. ஆயினும் ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கே நேரும். பெருத்த நாக்கு, தொப்புட் புடைப்பு, உடலின் ஒரு பக்கம் மற்றதைவிடப் பெருத்திருத்தல், பிறந்த சில நாட்களில் இன்சுலின் மிகுதியால் சர்க்கரை தாழ்தல் ஆகியன இதன் அறிகுறிகள். காலத்தில் அறியின் சர்க்கரைத் தாழ்வினால் மூளைக்கு வரும் கேட்டைத் தடுக்கலாம். சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் கட்டி தோன்றுகிறதா எனவும் கண்காணிக்கலாம்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், பெரும்பான்மையான குழந்தைகள் நலமுடன் உள்ளனர் என்பதும், காணப்படும் வேறுபாடுகள் சிறியன என்பதும் தெளிவாகும். அவற்றுட் பலவற்றிற்கு இரட்டைப் பிறப்பு, குறைமாதம், பெற்றோரின் உடல்நிலை ஆகியவை காரணமாகின்றன.

களப்பணியாளர் கவனத்திற்கு

இக்குழந்தைகளுக்கெனத் தனிச் சோதனைகள் தேவையில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் செய்ய வேண்டியவற்றைத் தவறாமற் செய்தலே போதுமானது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடுங்கால், இரண்டு வயதுவரை குறைந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிட வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்த ஆறு மாதக் குழந்தையை ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையின் அளவுடன் ஒப்பிடுதலே முறை. இதனை அறியாது 'வளர்ச்சி குன்றியது' என்று குறித்தால் தாயின் மனம் வீணே கலங்கும்.

ஆண் குழந்தையின் விரைகள் இறங்கியுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஆறு மாதத்திற்குள் இறங்காவிடின் மருத்துவரிடம் அனுப்புக. சிறுநீர்த் துவாரம் உரிய இடத்தில் இல்லாமல் அடிப்புறத்தில் அமைந்திருப்பின், அறுவை மருத்துவர் பார்க்குமுன் சுன்னத்துச் செய்யலாகாது. பின்னர்த் திருத்துவதற்கு அத்தோல் தேவைப்படலாம்.

பல்லாண்டு காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு, அன்பின் மிகுதியால், அளவுக்கு மீறி ஊட்டுவது நம் வீடுகளில் இயல்பு. எடை குறைந்து பிறந்த குழந்தையைக் கொழுக்கச் செய்ய வேண்டும் என்னும் ஆவலும் அதனுடன் சேர்கின்றது. புனே ஆராய்ச்சி இவ்விடத்திற்கே நேரே பொருந்துகின்றது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் இணையுணவு, இனிப்புப் பண்டங்களில் மட்டுப்பாடு, ஓடியாட இடம் ஆகியவையே இக்குழந்தையின் இன்சுலினுக்குச் சிறந்த காப்பு என்பதைப் பாட்டிமாருக்கும் பொறுமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

ஆண்டுக்கு இருமுறை உயரமும் எடையும் அளந்து பதிவு செய்க. பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளரும் பிள்ளையை மருத்துவர் காண வேண்டும். சிறுமியருக்கு 8 வயதிற்கு முன்பும், சிறுவருக்கு 9 வயதிற்கு முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்கினாலும், முறையே 13, 14 வயதாகியும் தொடங்காவிடினும் பெற்றோருக்குத் தனிமையில் தெரிவித்தல் வேண்டும். 2013-இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரிடம் இப்பதிவுகளைக் காட்டலாம்.

பிள்ளை எம்முறையில் கருத்தரிக்கப்பட்டது என்பது பள்ளி கேட்க வேண்டிய செய்தியன்று. பெற்றோர் தாமாகக் கூறின் அது ஆசிரியருடனேயே நிற்க வேண்டும். வருகைப் பதிவேட்டிலோ ஆசிரியர் அறைப் பேச்சிலோ இடம்பெறலாகாது. 'சோதனைக் குழாய்ப் பிள்ளை' என்று ஒரு சிறுவன் வகுப்பில் சுட்டப்படுவதால் விளையும் துன்பம், இக்கட்டுரையில் கூறப்பட்ட எந்த ஹார்மோன் வேறுபாட்டினும் பெரிது. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், இவ்வாறு பிறக்கும் குழந்தைக்கு இயற்கையாகப் பிறந்த குழந்தைக்குரிய எல்லா உரிமைகளும் உண்டு என விதித்துள்ளது.

பதிவேட்டின் பயன்

மேற்கூறிய முடிவுகள் யாவும், யாரோ ஒருவர் பல்லாண்டு அளந்தும் எழுதியும் வைத்தமையால் கிடைத்தவை. மேற்குறித்த சட்டத்தின்படி சிகிச்சை நிலையங்கள் தம் பதிவுகளைப் பத்தாண்டுகளேனும் காத்துப் பின்னர்த் தேசியப் பதிவகத்திற்கு அளித்தல் வேண்டும். ஆயினும் சிகிச்சை நிலையத்தின் ஏடு பிறப்போடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. அதன்பின் குழந்தையின் வரலாறு தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலும் பள்ளியின் உடல்நலப் பதிவிலுமே தொடர்கின்றது.

கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயவின் கூற்றை அந்நாளில் அதிகாரிகள் ஏற்கவில்லை. அவர் 1981-இல் உயிர் நீத்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1986-இல் பம்பாயில் வெற்றி கண்ட குழுவைச் சேர்ந்த விஞ்ஞானியாகிய டாக்டர் டி. சி. ஆனந்த குமார், முகோபாத்யாயவின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்து, நாட்டில் முதன்மைச் சிறப்பு அவருக்கே உரியது என்று 1997-இல் எழுதினார். அக்குறிப்புகள் எஞ்சியிராவிடின் உண்மை வெளிப்பட்டிராது. ஒரு குழந்தையின் அட்டையில் இன்று எழுதப்படும் உயரமும் எடையும் அவ்வாறே என்றோ ஒரு நாள் அக்குழந்தைக்கு உதவக்கூடும்.

பயிற்சி வினாக்கள்

1. சிகிச்சையால் பிறந்த இரட்டையரை இயற்கையாகப் பிறந்த தனிக் குழந்தையுடன் ஒப்பிடுவது ஏன் பொருந்தாது?

2. பத்து வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இன்று எட்டு மாதம் நிறைகின்றது. அதன் எடையை எந்த வயதின் அளவுடன் ஒப்பிட வேண்டும்?

3. எடை குறைந்து பிறந்த பேரக் குழந்தைக்கு நாள்தோறும் இனிப்பு ஊட்டும் பாட்டியிடம் என்ன கூறுவீர்?

4. ஏழு வயது மாணவியிடம் பருவ மாற்றம் தென்படுகின்றது. ஆசிரியர் செய்ய வேண்டியவை யாவை? செய்யலாகாதவை யாவை?